கப்பற் படையினரும் கல்நார்த் தூசியும்

யுத்தத்தில் காயமுற்ற வீரனுக்குத் தேசம் கடமைப்பட்டிருக்கிறது என்பதை மறுப்பார் எவருமில்லை. குண்டு பட்ட புண்ணை யாவரும் கண்ணால் காண்கிறார்கள். அதற்கு மருந்திடவும், அவனுக்கு உபகாரச் சம்பளம் அளிக்கவும் விதிகள் இருக்கின்றன. ஆனால் யுத்தக் கப்பலின் அடித்தட்டில், பாய்லர் அறையின் வெப்பத்தில் நின்று உழைத்தவன், அங்கே சுவாசித்த தூசியினால் முப்பது வருஷம் கழித்து மூச்சுத் திணறிப் படுக்கையில் விழும்போது, இது எந்த யுத்தத்தில் பட்ட காயம் என்று கேட்கப்படுகிறது. அதற்குச் சாட்சி எங்கே, தஸ்தாவேஜு எங்கே, இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தாய் என்று அடுத்தடுத்துக் கேள்விகள் எழுகின்றன. கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், என்னும் பொருளினால் கப்பற் படையினருக்கு உண்டாகும் வியாதிகளைக் குறித்து நமது சட்டங்களும் விதிகளும் கொண்டுள்ள நிலை நியாயமானதா என்பதை ஆராய்வதே இன்று நமது நோக்கம்.

இது பம்பாய்க்கும் விசாகப்பட்டணத்திற்கும் உரிய விஷயம், காவிரிக் கரையிலுள்ள நமக்கு இதில் என்ன சம்பந்தம் என்று திருச்சி வாசகர்கள் எண்ணிவிடலாகாது. கடலைக் காணாத ஜில்லாக்களிலிருந்தும் வாலிபர்கள் கப்பற் படையிற் சேருகிறார்கள். சேவை முடிந்தபின் அவர்கள் துறைமுகத்தில் தங்கிவிடுவதில்லை, ஊர் திரும்புகிறார்கள். பாய்லர் என்ற சொல்லும் திருச்சிக்காரருக்குப் புதிதன்று. 1928 முதல் நீராவி எஞ்சின்களைப் பழுது பார்த்த பொன்மலைப் பட்டறையும், திருவெறும்பூரில் பெரிய பாய்லர்களைச் செய்யும் பாரத மிகு மின் நிலையமும் இங்கேதான் இருக்கின்றன. கப்பலில் எஞ்சின் வேலை கற்றவன் ஊருக்குத் திரும்பி அதே மாதிரி வேலையை நாடுவது இயல்பே. அவன் வயோதிகத்தில் இருமத் தொடங்கினால் செல்லுமிடம் கடற்படை ஆஸ்பத்திரியன்று. புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு ஆஸ்பத்திரியே. ஆகவே கப்பலில் விளைந்த வியாதியின் கணக்கு புத்தூரிலே தீர்க்கப்பட வேண்டியதாகிறது.

கல்நாரின் தன்மை

கல்நார் ஒரு கனிப்பொருள். கல்லாயிருந்தும் பஞ்சைப்போல் நூலாகப் பிரியும், நெருப்பில் வேகாது, வெப்பத்தைக் கடத்தாது, விலையும் மலிவு. இக்குணங்களினால் நீராவிக் கப்பல்களுக்கு இதைவிட உகந்த பொருள் வேறில்லை என்று சென்ற நூற்றாண்டின் எஞ்சினீயர்கள் கருதினார்கள். பாய்லரின் மேலும் நீராவிக் குழாய்களின் மேலும் கனமாகப் போர்த்தப்படும் 'லாகிங்' கல்நாரால் ஆனது. குழாய்களின் இணைப்புகளில் வைக்கும் காஸ்கெட், வால்வுகளில் திணிக்கும் கயிறு, நெருப்பருகில் நிற்போர் அணியும் கையுறை ஆகியவற்றிலும் கல்நாரே இருந்தது. பல கப்பல்களில் சுவர்களின் மீதும் மேற்தட்டுகளின் மீதும் இது பசைபோல் தெளிக்கப்பட்டது.

போர்த்தியது போர்த்தியபடியே இருக்குமாயின் தீங்கு குறைவு. ஆனால் கப்பல் ஓயாது அதிருகிறது. பீரங்கி வெடிக்கும்போது முழுதும் குலுங்குகிறது. ஒரு வால்வைப் பழுது பார்க்க வேண்டுமானால் லாகிங்கை வெட்டியெறிந்துவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். அப்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள் மிதக்கின்றன. அடைத்த கதவுகளுக்குள்ளே அவை நெடுநேரம் தங்குகின்றன. பாய்லர் அறையில் வேலை பார்த்தவன் மட்டுமன்று, குழாய்களின் கீழே தொங்கு படுக்கையிற் படுத்துறங்கிய மாலுமியும் இரவு முழுதும் அதே காற்றைச் சுவாசித்தான். தொழிற்சாலைத் தொழிலாளி மாலையில் வீடு செல்கிறான். மாலுமிக்குத் தொழிற்சாலையும் வீடும் ஒன்றே.

சுவாசப்பையிற் புகுந்த இழையை உடம்பு கரைக்க இயலாது. வருஷக்கணக்கில் அது அங்கே தங்கி மெல்லிய சதையைத் தழும்பாக்கி இறுகச் செய்கிறது. மாடிப்படி ஏறவும் மூச்சுப் போதாமற் போகிறது. இதற்கு ஆஸ்பெஸ்டோஸிஸ் என்று பெயர். சுவாசப்பைப் புற்றுநோயும் இதனால் உண்டாகிறது. இவை தவிர, சுவாசப்பையையும் குடலையும் சூழ்ந்த மெல்லிய சவ்வில் தோன்றும் மீஸோதீலியோமா என்ற புற்றுநோய் பெரும்பாலும் கல்நாரினாலேயே வருவது. தூசி புகுந்த நாளிலிருந்து வியாதி வெளிப்பட இருபது முதல் ஐம்பது வருஷங்கள் செல்லும். வெளிப்பட்டபின் நோயாளிகளிற் பலர் ஏறக்குறைய ஒரு வருஷமே ஜீவிக்கிறார்கள். வேலை செய்து கல்நாருக்கு ஆளானதால் உலகத்தில் ஆண்டுதோறும் இரண்டு லட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டு போவதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. இவ்வியாதியின் இந்த நீண்ட மௌனமே நாம் மேலே சொல்லப்போகும் அநியாயத்திற்கெல்லாம் மூலம் என்பதை வாசகர்கள் மனதில் இருத்திக் கொள்ள வேண்டும்.

அறியாமற் செய்ததன்று

அக்காலத்தில் இதன் கெடுதல் யாருக்குத் தெரியும் என்று சமாதானம் கூறுவோர் உண்டு. சரித்திரம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துக் கல்நார் ஆலையில் வேலை செய்த ஒரு பெண் தொழிலாளியின் மரணம் 1924-லேயே வைத்தியப் பத்திரிகையில் பிரசுரமாயிற்று. 1930-இல் மெரிவெதர், பிரைஸ் என்ற இரு உத்தியோகஸ்தர்கள் கல்நார்த் தொழிலாளரைப் பரிசோதித்துப் பிரிட்டிஷ் பார்லிமெண்டிற்கு அறிக்கை சமர்ப்பித்தார்கள். அதன் பேரில் 1931-இல் தூசியைத் தடுக்க விதிகள் ஏற்பட்டன. 1955-இல் ரிச்சர்டு டால் என்ற ஆராய்ச்சியாளர் சுவாசப்பைப் புற்றுநோயைக் கல்நாருடன் சம்பந்தப்படுத்திக் காட்டினார். 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற டாக்டரும் அவரது சகாக்களும் மீஸோதீலியோமா கண்ட 33 பேரின் சரித்திரத்தை ஆராய்ந்து கல்நார்ச் சுரங்கங்களையே காரணமாகச் சுட்டினார்கள். 1968-இல் பிரிட்டிஷ் கப்பற் படையைச் சேர்ந்த ஹாரீஸ் என்ற டாக்டரே டெவன்போர்ட் கடற்படைத் துறையில் கல்நாரினால் விளையும் ஆபத்தைக் குறித்து எழுதிவிட்டார்.

1946-ஆம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி பம்பாயில் 'தல்வார்' கப்பற்படை ஸ்தாபனத்தில் தொடங்கிய மாலுமிகளின் கிளர்ச்சியை நமது வாசகர்கள் அறிவார்கள். கெட்ட உணவும் வெள்ளை அதிகாரிகளின் வசைமொழியும் அவர்களைப் பொங்கியெழச் செய்தன. தேசம் அவர்கள் பக்கம் நின்றது. கல்லும் மண்ணும் கலந்த சோற்றைக் கண்டு அவர்கள் முறையிட முடிந்தது. ஏனெனில் அது கண்ணுக்குத் தெரிந்தது. மூச்சிற் கலந்த தூசியைப்பற்றி முறையிட அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லக் கூடியவர்கள் லண்டனில் 1930 முதலே இருந்தார்கள்.

வாங்கிய கப்பல்கள்

சுதந்திரம் வந்தபின் நமது கப்பற் படை பெரும்பாலும் பிரிட்டனிடம் வாங்கிய கப்பல்களைக் கொண்டே வளர்ந்தது. 'அக்கிலீஸ்' 1948-இல் 'டில்லி' ஆயிற்று. 'நைஜீரியா' 1957-இல் 'மைசூர்' ஆயிற்று. 1943-இல் கட்டத் தொடங்கி யுத்தம் முடிந்ததும் பாதியில் நிறுத்தப்பட்ட 'ஹெர்குலீஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலை 1957-இல் நாம் வாங்கினோம். அது பெல்பாஸ்ட் நகரத்தில் ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் கம்பெனியில் முடிக்கப்பெற்று, 1961 மார்ச்சு 4-ந் தேதி 'விக்கிராந்த்' என்ற திருநாமம் பூண்டது. 1944-இல் கட்டத் தொடங்கிய 'ஹெர்மிஸ்' 1987-இல் 'விராட்' ஆகி, 2017 வரை நமது கொடியைத் தாங்கியது. இவையெல்லாம் நீராவியால் ஓடியவை. நீராவிக் கப்பலுக்குக் கல்நார் போர்த்துவதே நியதியாயிருந்த காலத்திற் கட்டப்பட்டவை.

'விக்கிராந்த்' கட்டி முடிந்த அதே பெல்பாஸ்ட் நகரத்தில், லாகிங் வேலை செய்த தொழிலாளர்களின் மரணக் கணக்கை எல்ம்ஸ், சிம்ப்ஸன் என்ற இருவர் ஆராய்ந்து 1971-இல் வெளியிட்டார்கள். புற்றுநோயினால் இறந்தவர்களின் எண்ணிக்கை சாதாரண ஜனங்களிடை எதிர்பார்க்கக் கூடியதை விடப் பன்மடங்கு மிகுந்திருந்தது. 'விராட்' நமது கப்பற் படையிற் சேர்ந்தது இதற்குப் பதினாறு வருஷம் கழித்து. அப்போது அறியாமை என்ற சமாதானம் விற்றவருக்கும் இல்லை, வாங்கியவருக்கும் இல்லை.

1971 யுத்தத்தில் வங்காளக் குடாவில் 'விக்கிராந்த்' புரிந்த சேவையைத் தேசம் மறக்கவில்லை. அக்கப்பல் 2014-இல் உடைக்க விற்கப்பட்டபோது, அதைக் காட்சிசாலையாக வைத்துக் காப்பாற்ற வேண்டுமென்று வழக்குகள் நடந்தன. உடைத்த இரும்பில் ஒரு பங்கைக் கொண்டு பஜாஜ் கம்பெனியார் 2016-இல் மோட்டார் சைக்கிள் செய்தார்கள். ஜனங்கள் பெருமையுடன் வாங்கினார்கள். கப்பலின் இரும்பு எங்கே போயிற்று என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதன் பாய்லர் அறையில் முப்பத்தாறு வருஷமாக மாறிமாறி வேலை பார்த்த மனிதர்களின் மார்புகள் என்ன ஆயின என்பதற்குக் கணக்கு எங்கே?

பிரிட்டிஷார் தம்மவர்க்குச் செய்தது

இக்கப்பல்களைக் கட்டிய தேசம் தன் மாலுமிகளுக்கு என்ன செய்தது என்று பார்ப்பது பயனுள்ளது. அங்கும் நியாயம் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1947-ஆம் வருஷத்து ராஜாங்க வழக்குச் சட்டத்தின் பத்தாவது பிரிவு, சேவையில் நேர்ந்த கெடுதலுக்காகப் படைவீரன் சர்க்கார் மீது நஷ்ட ஈட்டு வழக்குத் தொடுப்பதைத் தடுத்தது. 1987 மே மாதத்தில் அந்தத் தடை நீங்கியது. ஆயினும் அதற்கு முந்திய கெடுதல்களுக்கு அந்த நீக்கம் செல்லவில்லை. 1955 முதல் 1968 வரை கப்பல்களில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்துக் கல்நாரினால் சுவாசப்பை கெட்ட ஒருவர் பிரபுக்கள் சபை வரை வழக்காடினார்; 2003-இல் தோற்றார்.

சட்டம் கைவிட்டபின் பொதுஜன அபிப்பிராயம் வேலை செய்தது. பழைய படைவீரர் சங்கங்கள் விடாது கிளர்ச்சி செய்தன. டாக்கில் வேலை செய்த சிவிலியன் தொழிலாளிக்குப் பெருந்தொகை கிடைக்கும்போது அவனருகில் நின்ற மாலுமிக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டன. முடிவில் 2015 டிசம்பரில், சேவையினால் மீஸோதீலியோமா கண்ட முன்னாள் வீரர்கள் விரும்பினால் 1,40,000 பவுனை ஒரே தொகையாகப் பெறலாம் என்று பிரிட்டிஷ் சர்க்கார் அறிவித்தது. நோய் கண்டபின் சில மாதங்களே உயிர் வாழப் போகிறவனுக்கு மாதாமாதம் அளிக்கும் உபகாரச் சம்பளத்தினால் என்ன பயன் என்ற சாதாரண அறிவு அப்போதுதான் அவர்களுக்கு உதயமாயிற்று.

'ஹெர்மிஸ்' என்ற பெயரில் அக்கப்பலில் வேலை பார்த்த ஆங்கிலேயன் இத்தொகையைக் கோரலாம். 'விராட்' என்ற பெயரில் அதே கப்பலில், அதே பாய்லரின் முன் நின்ற இந்தியன் எதைக் கோரலாம்? கொடி மாறியதால் தூசியின் குணம் மாறிவிடவில்லை.

நமது சட்டங்களின் நிலை

நம் தேசத்தில் சட்டங்கள் இல்லாமலில்லை. ஆனால் ஒவ்வொரு சட்டமும் கப்பற் படையினனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

முதலாவது, தொழிற்சாலைச் சட்டம். 1948-ஆம் வருஷத்திய சட்டம் ஆஸ்பெஸ்டோஸிஸ் வியாதியை டாக்டர்கள் கட்டாயமாகச் சர்க்காருக்கு அறிவிக்க வேண்டிய வியாதிகளின் ஜாபிதாவிற் சேர்த்தது. ஆனால் 'தொழிற்சாலை' என்பதற்கு இலக்கணம் கூறுமிடத்தில், ஆயுதப் படைகளுக்குச் சொந்தமான நடமாடும் பிரிவுகளை விலக்கியது. ரயில்வே ஓட்டுக்கொட்டகைகளையும் அவ்வாறே விலக்கியது; இது பொன்மலை வாசிகள் கவனிக்கத் தக்கது. 2020-இல் இயற்றப்பெற்ற தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விலக்குகள் அப்படியே தொடர்கின்றன.

இரண்டாவது, நஷ்ட ஈட்டுச் சட்டம். கல்நாரினால் உண்டாகும் சுவாசப்பைப் புற்றுநோயும் மீஸோதீலியோமாவும் தொழிலால் வரும் வியாதிகளே என்று 1923-ஆம் வருஷத்துச் சட்டத்தின் ஜாபிதா ஒப்புக்கொண்டது. ஆனால் யூனியனின் ஆயுதப் படையைச் சேர்ந்தவருக்கு அச்சட்டம் செல்லாது. அதன் ஸ்தானத்தில் வந்த 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதே விலக்கை வைத்திருக்கிறது.

மூன்றாவது, 2019-ஆம் வருஷத்துக் கப்பல் மறுசுழற்சிச் சட்டம். ஒவ்வொரு கப்பலிலும் கல்நார் முதலிய அபாயப் பொருள்கள் எங்கெங்கே, எவ்வளவு இருக்கின்றன என்ற ஜாபிதா வைத்திருக்க வேண்டுமென்று அது விதிக்கிறது. 2025 ஜூன் 26-ந் தேதி அமுலுக்கு வந்த ஹாங்காங் சர்வதேச உடன்படிக்கையின் கொள்கையும் அதுவே. யுத்தக் கப்பல்களுக்கு இரண்டிலும் விலக்கு.

கடற்படைத் துறையில் ஒரே வால்வைப் பழுது பார்க்க இருவர் குனிகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒருவன் துறையின் சிவிலியன் பிட்டர். மற்றவன் கப்பலின் மாலுமி. ஒரே லாகிங்கை வெட்டுகிறார்கள். ஒரே தூசியைச் சுவாசிக்கிறார்கள். முன்னவனுக்குச் சட்டத்தின் ஜாபிதா துணை நிற்கிறது. பின்னவன் தேசத்துக்காக உயிரைக் கொடுக்கப் பிரமாணம் செய்தவன் என்ற ஒரே காரணத்தினால் அந்தத் துணையை இழக்கிறான்.

ஏழு வருஷக் காலவரம்பு

படைவீரருக்குத் தனி உபகாரச் சம்பள விதிகள் உள்ளன, ஆதலின் பொதுச் சட்டங்கள் தேவையில்லை என்று சர்க்கார் தரப்பிற் கூறலாம். அது சரியான வாதமே. அந்தத் தனி விதிகள் இவ்வியாதிக்குப் பொருந்துமானால் நாம் குறைகூற வேண்டியதில்லை.

1982-ஆம் வருஷத்து விதிகள் வீரனிடம் பரிவு காட்டியவை. சேவையில் சேரும்போது தேகத்தில் இல்லாத வியாதி பின்னர் அவனை வேலையிலிருந்து நீக்கும்படி செய்தால், அது சேவையினால் வந்ததென்றே கொள்ளலாம். நிரூபிக்கும் பொறுப்பு அவனுடையதன்று என்பது அவற்றின் கருத்து. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதிப்படுத்தியது. ஆனால் கல்நார் வியாதியுற்றவன் சேவைக் காலத்தில் நோயாளியல்லன். திடகாத்திரனாகவே விடைபெற்று வீடு திரும்புகிறான். அவனைப் போன்றோருக்கு, விடுதலைக்குப் பின் தோன்றும் வியாதியைப் பற்றிய விதி ஒன்றே கதி. அவ்விதியோ ஏழு வருஷத்திற்குள் வியாதி தோன்றியிருக்க வேண்டுமென்று வரம்பு கட்டியது.

கணக்கிட்டுப் பாருங்கள். 1975-இல் பதினெட்டு வயதிற் சேர்ந்த ஒருவன் பதினைந்து வருஷம் பாய்லர் அறையில் உழைத்து 1990-இல் வெளிவருகிறான். 1997-இல், அவனுக்கு நாற்பது வயதாகும்போது, ஏழு வருஷ வாயில் அடைபட்டு விடுகிறது. வியாதியோ 2005-க்குப் பின்னர், அவன் பேரப்பிள்ளை எடுக்கும் பருவத்தில், அல்லது இன்றுதான் தலை காட்டுகிறது. விதியின் கடிகாரமும் வியாதியின் கடிகாரமும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. ஒருவனுக்கும் சொல்லி மறுக்காமலே எல்லோருக்கும் மறுத்துவிட இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை யாரும் கற்பனை செய்ய முடியாது. இதை எவரும் வேண்டுமென்று செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. விதி எழுதியவர்கள் கல்நாரை நினைக்கவில்லை, அவ்வளவே. நினைப்பூட்டுவது நமது கடமை.

2003-இல் ஏற்பட்ட முன்னாள் படைவீரர் சுகாதாரத் திட்டம் வைத்தியத்திற்கு உதவுகிறது. அதன் நன்மையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது பெரும்பாலும் உபகாரச் சம்பளம் பெறுவோருக்கே உரியது. மேலும் வைத்தியம் வேறு, பொறுப்பை ஏற்பது வேறு. இறந்தவனின் மனைவிக்கு, புருஷன் சேவையினால் மாண்டான் என்ற அங்கீகாரமும் அதற்குரிய கூடுதல் உபகாரச் சம்பளமும் கிடைக்குமா என்பதே கேள்வி.

பிரான்ஸின் கப்பலும் நமது நீதியும்

அந்நியக் கப்பல் வந்தபோது நாம் இவ்வாறு சும்மா இருக்கவில்லை. பிரான்ஸின் 'கிளெமான்ஸோ' என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பல் உடைபடுவதற்காக 2005 டிசம்பர் 31-ந் தேதி தூலோன் துறையிலிருந்து குஜராத்திலுள்ள ஆலங் கடற்கரையை நோக்கிப் புறப்பட்டது. அதிலுள்ள கல்நாரின் அளவைப்பற்றி உலகமெங்கும் வாக்குவாதம் எழுந்தது. நமது சுப்ரீம் கோர்ட் குறுக்கிட்டது. 2006 பிப்ரவரியில் பிரெஞ்சு உயர் நீதி ஸ்தாபனமும் தடை விதிக்கவே, ஜனாதிபதி ஷிராக் கப்பலைத் திருப்பி அழைத்துக்கொண்டார். அச்சமயத்தில் ஆலங்கில் கல்நாரைக் கையாண்ட தொழிலாளர்களைப் பரிசோதித்ததில், நூற்றுக்குப் பதினாறு பேருடைய எக்ஸ்-ரே படங்களில் ஆஸ்பெஸ்டோஸிஸின் ஆரம்ப அடையாளங்கள் காணப்பட்டதாகச் சுப்ரீம் கோர்ட்டுக்குத் தெரிவிக்கப்பட்டது. கப்பலை உடைப்பவன் அதைச் சில மாதங்கள் கையாள்கிறான். மாலுமியோ அதற்குள் வருஷக்கணக்காக வாழ்கிறான்.

அதற்கும் முன்னரே, 1995 ஜனவரி 27-ந் தேதி, நீதிபதி கே. ராமசாமி எழுதிய தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் தொழிலாளியின் தேக சுகம் அரசியல் சாஸனத்தின் 21-ஆவது ஷரத்திலுள்ள ஜீவ உரிமையைச் சேர்ந்தது என்று பிரகடனம் செய்தது. கல்நார்த் தொழிலாளர்களின் சுகாதார தஸ்தாவேஜுகளை வேலை தொடங்கியதிலிருந்து நாற்பது வருஷம், அல்லது வேலையை விட்டபின் பதினைந்து வருஷம், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. வியாதி ஊர்ஜிதமானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு அளிக்கச் சொல்லியது. நாற்பது வருஷம் என்ற எண்ணை அந்த நீதிபதிகள் ஏன் தேர்ந்தார்கள்? வியாதியின் காலம் அதுவென்று அவர்கள் அறிந்திருந்தார்கள். 21-ஆவது ஷரத்து சீருடை தரித்தவனுக்குச் செல்லாது என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

ஆக்ஷேபங்கள்

இக்கோரிக்கைக்கு எதிராகச் சொல்லக் கூடியவற்றையும் பரிசீலிப்பது முறை. யுத்தக் கப்பலின் அமைப்பு ரகசியமானது என்பது முதல் ஆக்ஷேபம். இன்று கடலில் உள்ள கப்பலுக்கு இது பொருந்தலாம். உடைத்து இரும்பாக விற்றுவிட்ட கப்பலில் என்ன ரகசியம் எஞ்சியிருக்கிறது?

புகையிலை குடித்ததால் வந்த நோயைக் கப்பலின் மேல் சுமத்துகிறார்கள் என்பது இரண்டாவது. 1979-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி இதற்குப் பதில் அளிக்கிறது. இரண்டிற்கும் ஆளாகாதவனைக் காட்டிலும், கல்நாருக்கு மட்டும் ஆளானவனுக்குச் சுவாசப்பைப் புற்றுநோயினால் மரணம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. புகை மட்டும் குடிப்பவனுக்குச் சுமார் பத்து மடங்கு. இரண்டும் சேர்ந்தவனுக்கு ஐம்பது மடங்கிற்கும் மேல். ஆகவே புகை கல்நாரின் குற்றத்தை மறைப்பதில்லை, அதைப் பெருக்குகிறது. மீஸோதீலியோமாவுக்கோ புகையிலையுடன் சம்பந்தமே இல்லை.

இத்தகைய நோயாளிகள் அதிகமாகக் காணப்படவில்லையே என்பது மூன்றாவது. தேடாததைக் காண்பது எப்படி? இருமலும் மார்பில் நீரும் கண்டால் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது க்ஷயரோகம். க்ஷயம் மிகுந்த தேசத்தில் டாக்டர்கள் அப்படி நினைப்பது தவறன்று. ஆனால் அதற்கு மருந்து கொடுத்தும் குணமாகாத ஒரு கிழவரைப் பார்த்து, "ஐயா, வாலிபத்தில் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்கப்படாவிட்டால், அவர் எந்தக் கணக்கிலும் சேராமலே மறைந்துவிடுவார்.

செய்ய வேண்டுவன

இந்தியா சர்க்கார் செய்ய வேண்டியவை அதிகமில்லை. விலக்கப்பட்ட நீராவிக் கப்பல்களில் எந்தெந்த இடங்களில் கல்நார் இருந்தது என்ற ஜாபிதாவைக் கப்பல் வாரியாக வெளியிட வேண்டும். அவற்றின் எஞ்சின், பாய்லர், பழுது பார்க்கும் பகுதிகளில் வேலை பார்த்தோரின் பெயர்கள் சேவை தஸ்தாவேஜுகளில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு ஒரு பதிவேடு தயாரித்து, உயிருடன் இருப்போருக்கெல்லாம் கடிதம் எழுதி இலவசப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டும். கல்நார் வியாதிகளைப் பொறுத்தமட்டில் காலவரம்பை அடியோடு நீக்கி, அத்தகைய கப்பலில் வேலை பார்த்தான் என்பதையே போதிய சாட்சியாக ஏற்க வேண்டும். மீஸோதீலியோமா கண்டவருக்குத் தாமதமின்றி ஒரே தொகையாக நஷ்ட ஈடு அளிக்க வேண்டும். இன்னும் வேலையிலிருக்கும் கப்பல்களில் லாகிங் அகற்றும்போது மாலுமிகளுக்குத் தக்க முகமூடியும் பயிற்சியும் தருவதுடன், அவர்களுடைய சுகாதாரக் குறிப்புகளை நாற்பது வருஷம் பாதுகாக்க வேண்டும்.

நமது மாகாண சர்க்காரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. புத்தூர் ஆஸ்பத்திரி கி. ஆ. பெ. விசுவநாதம் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. அங்கேயும் தமிழ்நாட்டின் மற்றக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும், மார்பு நோய்க்கு வருவோரின் சீட்டில், 'முன் செய்த தொழில்' என்று ஒரு கட்டம் இருந்து அது தவறாமல் நிரப்பப்படுமானால், செலவின்றியே பெரிய உண்மை வெளிப்படும். மாலுமிகள் மட்டுமன்று, பழைய ரயில் எஞ்சின் தொழிலாளிகளும், கல்நார்த் தகடு அறுத்த கொத்தர்களும் அதில் அகப்படுவார்கள். ஜில்லா தோறுமுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இப்பதிவுகளைச் சேகரித்து மேலே அனுப்பலாம்.

தேசத் தொண்டர்களுக்கும் இதில் வேலையிருக்கிறது. பிரிட்டனில் நியாயம் கோர்ட்டில் தோற்றுக் கிளர்ச்சியில் வென்றது என்பதைக் கண்டோம். இங்கும் முன்னாள் வீரர் சங்கங்கள் தத்தம் ஊரில் நீராவிக் கப்பலில் வேலை பார்த்தவர்களைத் தேடிப்பிடித்து, கப்பலின் பெயர், வேலை பார்த்த வருஷம், செய்த வேலை ஆகியவற்றை அவர்கள் வாயால் கேட்டு எழுதி வைக்கட்டும். நினைவு மங்குமுன், சகாக்கள் உயிருடன் இருக்கும்போதே, ஒருவருக்கொருவர் சாட்சிக் கையெழுத்து இடட்டும். நியாயமான மனு மறுக்கப்பட்டால் சென்னையிலுள்ள ஆயுதப் படை டிரிபியூனல் முன் கொண்டு செல்லட்டும். நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள், எத்தனை பேர் ஆளானார்கள், எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டார்கள், எத்தனை பேருக்கு அங்கீகாரம் கிடைத்தது என்ற மூன்று கேள்விகளைச் சபையில் கேட்கட்டும்.

நீராவிக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து வருகின்றன. அவற்றில் உழைத்தோரும் வருஷந்தோறும் குறைந்து வருகிறார்கள். இன்னும் இருபது வருஷம் வாளாவிருந்தால் கோருவதற்கு எவரும் மிஞ்சமாட்டார். கடனும் தானே தீர்ந்துபோகும். அவ்விதம் கடன் தீர்ப்பது சுதந்திர இந்தியாவிற்குக் கௌரவமாகாது. உயிருடன் இருப்பவர்களுக்கு இவ்வருஷமே கடிதம் போகட்டும்.